வாய் நம்பர் ஏழு

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாலும் சரி, ஊருக்கு நாலு ஃப்ளெக்ஸ் பேனராவது கண்ணில் படும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதனுக்கு எது நடந்தாலும் அதைப் பத்துக்கு எட்டு அளவில் அடித்து ஊர் முக்கில் கட்டிவிட வேண்டும் என்பது எங்கள் சீமையின் எழுதாத சட்டம். மாப்பிள்ளைக்கு ஒரு படம் என்றால் வாழ்த்துகிறவர்களுக்கு முப்பது படம். அந்த முப்பது பேரில் நாலைந்து பேர் ஒரே வாயால் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதை யாரும் கவனித்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காளிதாஸின் குட்டு என்றைக்கோ உடைந்திருக்கும்.

காளிதாஸ், வயது முப்பத்திரண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்துல் ஹாதி நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கெட்டிக்காரன். கெட்டிக்காரன் என்பது ஊருக்கே தெரியும்; ஆனால் அவன் குரல் எப்படி இருக்கும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் இடது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வான். மேல்வரிசையில் நடுப் பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். முயன்றால் உதட்டை மூடலாம். மூடினால் முகம் ஏதோ கோபத்தில் இருப்பது போல ஆகிவிடும். அதனால் கைதான் வசதி.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவரை அவனுக்குப் பல் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. ஆறாம் வகுப்புக்கு முதுகுளத்தூருக்கு வந்த இரண்டாம் நாளே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தேங்காய்த் துருவி. ஒரே வாரத்தில் தேங்காய் உதிர்ந்து வெறும் துருவி ஆனது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார் கோயிலில் யாராவது சிதறுகாய் உடைத்தால், பையன்கள் ஒரு சில்லை எடுத்து வந்து அவன் பெஞ்சில் வைப்பார்கள். "ஏலே துருவி, வீட்டுல சட்டினிக்கு வேணுமாம்" என்பார்கள். ஒருநாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தானும் சேர்ந்துகொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, அந்தச் சில்லை எடுத்து எல்லார் முன்னாலும் பல்லால் கரகரவென்று துருவிக் காட்டினான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றோடு அந்தப் பெயர் அவனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கருவேலங்காட்டுக்குள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, தன் மேலேயே ஆத்திரம் தாங்காமல் அழுதான்.

அதற்குப் பிறகு வகுப்பில் எந்தக் கேள்விக்கும் எழுந்திருக்கவில்லை. விடை தெரியும். தெரிந்த விடையோடு குனிந்து உட்கார்ந்திருந்து, தெரியாதவன் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பான். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் அவன் தும்முவது போல இருக்கும். தும்மவில்லை, போட்டோக்காரர் கிளிக் பண்ணுகிற நேரம் கையைக் கொண்டுபோய்விட்டான். வீட்டில் இது எதையும் சொன்னதில்லை. மிளகாய்க் காட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்த அவன் அய்யா, பல்லைப் பற்றி ஒரே ஒரு தடவைதான், அதுவும் அவன் பத்தாவது முடித்த பிறகு பேசினார். வளர வளர உள்ளே போய்விடும் என்றார். அவன் வளர்ந்தான், பல்லும் கூடவே வளர்ந்தது. இருபத்து நாலு வயதில் ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டர், இரண்டு வருஷம் கம்பி கட்டினால் சரியாகும் என்றார். இரண்டு வருஷம் வாயில் கம்பியோடு முதுகுளத்தூர் கடைத்தெருவில் நடந்தால் என்ன புதுப் பெயர் கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தான். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான்.

கம்ப்யூட்டரில் போட்டோ திருத்தக் கற்றுக்கொண்டதும் அவன் முதலில் திருத்தியது யார் படத்தை என்று சொல்லவே வேண்டியதில்லை. இரண்டாவது படமாக ஒரு காதுகுத்துத் தாய்மாமனுக்குச் செய்தான். அவருக்கும் முன்பல் தூக்கல். ஊர் முக்கில் நிறுத்தி வைத்து ஒரு மனுஷனைக் கேலி செய்யவா இவ்வளவு செலவு பண்ணிப் பேனர் வைக்கிறார்கள் என்று அவனுக்குப் பாவமாகிவிட்டது. அன்றிலிருந்து அது தர்மகாரியம் போல நடந்தது. எத்துப்பல், சிங்கப்பல், ஓட்டைப்பல் எதுவானாலும் யாரும் கேட்காமலே சரி செய்துவிடுவான். அதற்காகவே கம்ப்யூட்டரில் 'வாய்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தான். உள்ளே பதினாலு வாய்கள், நம்பர் போட்டு. அதில் ஏழாம் நம்பர்தான் ராசியான வாய். ஏதோ கம்ப்யூட்டர் சென்டர் விளம்பரத்துக்கு வந்த பெங்களூர்ப் பையன் ஒருவனுடையது, முத்து கோத்தது போன்ற வரிசை. தாலுகா முழுக்க அறுபது பேருக்கு மேல் அந்தப் பையன் வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாப்பிள்ளை பேனரைப் பார்த்துவிட்டு, "நான் இம்புட்டு அழகாண்ணே?" என்று நெகிழ்ந்தே போனான். காளிதாஸுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஏழாம் நம்பர்தான் அவனையும் வம்பில் மாட்டிவிட்டது.

அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவள் அக்கா ராமலெட்சுமி. மூன்று இடங்கள் போட்டோவோடு நின்றுபோயின. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே இவனுக்குத் தெரிந்தது. நாலாவதாக ஆர்.எஸ்.மங்கலத்தில் நாகஜோதி என்று ஒரு பெண், உரக்கடையில் பில் போடுகிறவள். அவள் படத்தைப் பார்த்ததும் காளிதாஸுக்குப் பிடித்துப்போயிற்று. ரொம்பவே பிடித்துப்போயிற்று. இதுவும் நின்றுபோகுமோ என்ற பயத்தில் தன் படத்துக்கு ஏழாம் நம்பர் வாயை வைத்து அக்காவிடம் கொடுத்துவிட்டான். அக்கா ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள், அப்படியே அனுப்பிவிட்டாள். இரண்டே நாளில் அங்கிருந்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பெண் பார்த்துவிட்டுப் போங்கள் என்று தகவல் வந்தது. இருவரும் பேசிக்கொள்ளட்டும் என்று போன் நம்பரும் வந்தது.

"அங்கன போயி வாயை மூடிக்கிட்டு உக்காரு. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள் அக்கா.

"கேசரி குடுப்பாகளேக்கா?"

"சின்னச் சின்னதாத் தின்னு."

அந்த வாரம் அவனுக்குத் தூக்கமும் போச்சு, வேலையும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி தன்னை நேரில் பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று தினம் நாலு விதமாக நினைத்துப் பார்த்தான். போகாமலே இருந்துவிடலாமா என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேப்பங்குடிப் பஸ்ஸில் வந்து இறங்கினார் பிச்சையம்மாள். அறுபத்தைந்து வயதிருக்கும், கூலி வேலை செய்து முறுக்கேறிய உடம்பு. கக்கத்தில் ஒரு பேனரைச் சுருட்டி வைத்திருந்தார். கடைக்குள் வந்து, கால் வைக்க இடமில்லாமல் அதைத் தரையில் விரித்துப் போட்டார். அவர் கணவர் வீரையாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மகன் வசந்தகுமார் திருப்பூரிலிருந்து படம் அனுப்ப, இரண்டு வாரத்துக்கு முன்னால் காளிதாஸ் செய்து கொடுத்தது.

"இது யாரு தம்பி?" என்றார்.

"உங்க வீட்டுக்காரருதானம்மா. பேரு போட்டிருக்குல்ல."

"பேரெல்லாம் சரியாத்தான் இருக்காம், படிச்ச புள்ளைக சொல்லுச்சுக. ஆளு யாருன்னு கேக்குறேன்."

காளிதாஸின் கை வாய்க்குப் போயிற்று.

"நாப்பத்திரெண்டு வருசம் கூட இருந்து பொங்கிப் போட்டவ நானு. எனக்குத் தெரியாதா அவுக வாயி? எவன் வாயைக் கொண்டாந்து எம்புருசன் மூஞ்சியில ஒட்டி வச்சே?"

கல்லாவிலிருந்து அப்துல் ஹாதி எழுந்து வந்தார். "பய நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்மா. பல்லு கொஞ்சம் முன்ன இருந்திருக்கும், அதான்..."

"அவுக பல்லு முன்ன இருந்தா உனக்கென்ன, பின்ன இருந்தா உனக்கென்ன? அது உன்னைய என்ன பண்ணுச்சு?"

ஹாதி கல்லாவுக்கே போய்விட்டார். காளிதாஸ், பழைய படத்தை வைத்து இப்போதே வேறு பேனர் அடித்துத் தருவதாகச் சொன்னான். சொல்லிவிட்டுத் தேடினான். கடை போன் நிறைந்துவிட்டது என்று மாதம் பிறந்ததும் எல்லாவற்றையும் அழித்திருந்தான். கம்ப்யூட்டரில் திருத்திய படம் மட்டும்தான் இருந்தது. அசலை வைத்துக்கொள்வது அவன் வழக்கமில்லை. வசந்தகுமாருக்குப் போன் போட்டால், படம் இருந்த பழைய போன் சாயத்தொட்டியில் விழுந்து பத்து நாளாயிற்றாம்.

"வேற போட்டோ எதுவும் இருக்காம்மா?"

"ஓட்டுக் கார்டுல ஒண்ணு இருக்கு. அதுல வாயை இறுக்கிக்கிட்டு, யாருக்கோ சாவு சொல்ல வந்தவுக மாதிரி இருப்பாக. கோயில்ல கெடா வெட்டுனன்னைக்கு சிரிச்சமேனிக்கு எடுத்தது அது ஒண்ணுதான்யா." சொல்லிக்கொண்டு வரும்போதே பிச்சையம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பேனர் மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

தர்மகாரியம் என்று நினைத்துச் செய்ததில், காளிதாஸ் செத்துப்போன ஒரு மனிதரின் ஒரே சிரிப்பை அழித்துத் தொலைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பயல்கள் கேலி செய்தார்கள், சரி. பல்லையாவது இருந்த இடத்தில் விட்டுவைத்தார்கள். இவன் அதையும் விடவில்லை.

"அம்மா, எப்படி இருக்கும்னு சொல்லுங்க. நான் வரையிறேன்" என்றான்.

ஹாதி ஸ்டூலை எடுத்துப் போட்டார். பிச்சையம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, ஸ்கிரீனைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். நடுவில் இரண்டும் அகலம், முறம் மாதிரி. பக்கத்தில் ஒன்று அதன் மேல் சாய்ந்திருக்கும். பீடி குடித்த கறை கீழ்ப்பக்கம் மட்டும்தான். சொல்லச் சொல்ல அவர் அழுகை நின்று, முகமே வேறாகிவிட்டது.

"கல்யாணத்தன்னைக்கு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மாப்பிள்ளைக்கு ரொம்பச் சந்தோசம் போல, சிரிச்சுக்கிட்டே இருக்காகளேன்னு நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும், அவுக வாயே அப்பிடித்தான்னு. சண்டை போட்டாக்கூட சிரிச்சுக்கிட்டே சண்டை போடுற மாதிரிதான் இருக்கும். எனக்குக் கோவமே நிக்காது. சோறு திங்கும்போது பல்லுல ரெண்டு பருக்கை ஒட்டிக்கிட்டு நிக்கும், நாந்தான் முந்தானையில தொடச்சு விடுவேன்."

இப்படிப்பட்ட பல்லைப் பற்றி ஒரு மனுஷி இவ்வளவு ஆசையாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. அப்படிப் பேச முடியும் என்றே அவனுக்குத் தெரியாது. வரைந்து வரைந்து பார்த்தான். பல் வரவில்லை, பூசணி விதை மாதிரி என்னவோ வந்தது. மூன்றாவது தடவையும் அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, சலித்துப்போய் அவன் பக்கம் திரும்பினார். திரும்பியவர், அவன் விரலிடுக்கில் தெரிந்த பல்லை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுய்யா" என்றார்.

அவன் எடுக்கவில்லை. அவரே அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டார். "இந்தா, இதேதான்யா! இதை வச்சுக்கிட்டு இம்புட்டு நேரம் ஏன் வரைஞ்சுக்கிட்டு இருக்கே? அவுகளுக்கு இடது பக்கம் மட்டும் இன்னுங் கொஞ்சம் சாஞ்சிருக்கும். மத்தபடி இதேதான். சிரி பாப்போம்."

காளிதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராவுக்கு முன்னால் அவன் ஜென்மத்தில் சிரித்ததில்லை. ஹாதி போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, சிரி சிரி என்றார். அவன் பல்லைக் காட்டினான். அது பல் டாக்டரிடம் காட்டுவது போல இருந்தது.

"ஏலே காளி," என்றார் ஹாதி, "போன மாசம் கமுதி ரோட்டுல ரெண்டு பங்காளிக எதிரும் புதிருமா பேனர் வச்சாங்கள்ல? கோர்ட்டுல கேஸு நடக்குது, மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் நீ ஒரே வாயைத்தான் வச்சிருக்கே. ஒரு மாசமா ஒரே வாயில ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கிறானுக. நான் தினம் டீ குடிக்கப் போகையில பாத்துட்டுத்தான் வாரேன்."

அப்படியானால் இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! காளிதாஸ் ஒரு நொடி திகைத்தான். அப்புறம் அந்தப் பங்காளிகள் இருவரும் கண் முன்னால் வந்து நிற்க, அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தான். குனிந்து, நிமிர்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஹாதி ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டார்.

அதில் நன்றாக வந்த ஒன்றை எடுத்து, இடது பக்கப் பல்லைக் கொஞ்சம் சாய்த்து, அடியில் பீடிக்கறை போட்டு வீரையாவின் முகத்தில் வைத்தான். அரை மணி நேர வேலை. பிச்சையம்மாள் கிட்டே வந்து பார்த்தார். ஸ்கிரீனில் அந்த வாயை விரலால் தொட்டார். "வந்துட்டாகளே" என்றார். வீட்டில் மாட்ட ஒரு படமும் பிரேம் போட்டுத் தரச் சொல்லி, மத்தியானப் பஸ்ஸுக்கு இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார். அந்த வாய் அன்றைக்கு வேப்பங்குடி முக்கில் ஏறிவிட்டது.

காளிதாஸ் சாப்பிடப் போகவில்லை. ஹாதி எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு சிரிப்பு! நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அது தன் முகம் என்று மட்டும் தெரிந்தது. அதில் ஒன்றை நாகஜோதிக்கு அனுப்பினான். 'இதுதான் நான். முதலில் அனுப்பியது கம்ப்யூட்டரில் செய்தது. மன்னிக்கவும்' என்று எழுதினான். இரண்டு டிக்கும் நீலமானது. பதில் வரவில்லை. சாயங்காலம் வரை வரவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கிற நேரம் அவளே கூப்பிட்டாள்.

"ரெண்டு போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். மொதப் போட்டோவுல இருக்கிறது யாரு?"

"மூக்கு வரைக்கும் நான். அதுக்குக் கீழ பெங்களூர்ப் பையன் ஒருத்தன்."



"பல்லைப் பாத்து வேணாம்னு சொல்லிருவேன்னு நெனச்சீங்களாக்கும்?"

"ஆமா."

"என்னைய அப்பிடி நெனச்சதுக்கே கோவம் வருது. இந்தா பாருங்க, ஞாயித்துக்கிழமை வாங்க. பல்லுக்காக வேணாம்னு சொல்ல மாட்டேன். பொய் சொன்னதுக்காக வேணாம்னாலும் சொல்லுவேன். நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு" என்று வைத்துவிட்டாள்.

பயப்பட வேண்டிய பேச்சுதான். ஆனால் காளிதாஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றான். பல்லைத் தவிர வேறொரு காரணத்துக்காக ஒருத்தி தன்னை வேண்டாம் என்று சொல்லக்கூடும்! முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு மரியாதை அவனுக்குக் கிடைத்ததில்லை. பல் தானாக முளைத்தது, அதற்கு அவன் என்ன செய்ய முடியும்? பொய் அவன் சொன்னது. அதற்கு வேண்டுமானால் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.மங்கலத்தில் கேசரி கொடுத்தார்கள். அவன் சின்னச் சின்னதாகத் தின்னவில்லை. அக்கா முழங்கையால் இடித்து இடித்துப் பார்த்துவிட்டு, தலையில் எழுதினபடி நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். காபி டம்ளர் தட்டோடு வந்த நாகஜோதி அவனை நேருக்கு நேர் பார்த்தாள். பல்லை ஒரு தடவை பார்த்தாள், அதற்கப்புறம் கண்ணை.

"இனிமே பொய் சொல்லுவீங்களா?" என்றாள், எல்லார் முன்னாலும்.

கூடம் திகைத்துப்போயிற்று. காளிதாஸ் கொஞ்சம் யோசித்தான். மாட்டேன் என்றால் அதுவே பொய்யாகிவிடும். "சின்னச் சின்னதாச் சொல்லுவேன். போட்டோவுல சொல்ல மாட்டேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு, "எனக்குச் சம்மதம்ய்யா" என்று தன் அய்யாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்புகிற பஸ்ஸில் ராமலெட்சுமிக்கு மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. அந்தப் பொய் அவளுக்கு எப்படித் தெரிந்தது, எப்போது பேசினீர்கள் என்று ராமநாதபுரம் வரும் வரை விடவில்லை. காளிதாஸ் ஒவ்வொன்றாகச் சொன்னான். பேசப் பேச, கேட்காத கதையும் சேர்ந்து வந்துவிட்டது. துருவி என்ற பெயர், பெஞ்சில் வைத்த தேங்காய், வகுப்புக்கு முன்னால் துருவிக் காட்டியது, கருவேலங்காடு, எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாதது. சொல்லி முடித்ததும் பசி எடுத்தது.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "ஏலே, அப்பவே வீட்டுல ஏன் சொல்லல? நான் வந்து அந்தப் பயலுகளைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பேன்ல?"

"வீட்டுல ஒருத்தருக்கும் என் பல்லு இப்பிடி இருக்குன்னு தெரியலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்க்கா. நான் பாட்டுக்கு சொல்லி, நீங்களும் பாக்க ஆரம்பிச்சிருவீகளேன்னுதான் சொல்லல."

ராமலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நானும்தானடா வாயை மூடிக்கிட்டு உக்காருன்னு சொன்னேன்" என்றாள்.